மாஸ்க் போடச் சொன்ன பையனுக்கு தாடையில் குத்து!

கொரோனா காலத்தில் கேளிக்கைப் பூங்கா ஊழியர்கள் பட்ட பாடு

“மாஸ்க் போடுங்க!”

இரண்டே வார்த்தை. இந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன ‘குற்ற’த்துக்காக 17 வயதுப் பையன் ஒருவனின் தாடையில் குத்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யும் அளவுக்குப் பலத்த அடி.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ‘செசமி பிளேஸ்’ என்ற குழந்தைகள் பூங்காவில் இந்தச் சம்பவம் நடந்தது. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி. கொரோனா ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

இதுபற்றிப் போலீசார் தெரிவித்த விவரம் வருமாறு:-

பூங்காவில் வேலை பார்த்த அந்தப் பையன், மாஸ்க் இல்லாமல் வந்த ஒரு ஜோடியிடம், “இங்கே மாஸ்க் போட வேண்டும்” என்று சொன்னான். விஷயம் அதோடு முடியவில்லை. பிறகு ஒரு ராட்டினத்தின் பக்கத்தில் அவன் வேலை செய்துகொண்டிருந்தபோது அதே ஜோடி மறுபடி வந்தது. வாக்குவாதம் முற்றியது. அந்த ஆள் ஓங்கி ஒரு குத்து விட்டார். பையனின் தாடையிலும் பல்லிலும் காயம். காவலாளிகள் துரத்தினார்கள். இருவரும் காரில் ஏறிப் பறந்துவிட்டார்கள்.

கார் நியூயார்க் மாநிலத்துக் கார். அதை வைத்துப் போலீசார் துப்புத் துலக்கினார்கள். சில வாரங்களில் நியூயார்க் நகரில் அந்த ஆள் பிடிபட்டார்.

நம் ஊர்ப் பேப்பரில் ‘முகமூடி ஆசாமி’ என்று போட்டால், வீடு புகுந்து கொள்ளையடித்தவன் என்றுதான் அர்த்தம். கொரோனா வந்து அந்த அர்த்தத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. முகமூடி போட்டவர் நல்லவர் ஆனார். போடாதவரைத்தான் கேட்டில் மடக்கினார்கள்.

ஆனால் மடக்கியது யார்? போலீஸ்காரரா, சுகாதார அதிகாரியா, பூங்கா முதலாளியா? யாரும் இல்லை. மணிக்கணக்குக் கூலிக்கு டிக்கெட் கிழிக்கிற ஊழியர்கள்தான்! எய்தவன் எங்கேயோ இருந்தான். அம்பு அடி வாங்கியது.

பூட்டு விழுந்தது

கேளிக்கைப் பூங்காக்கள் லேசில் மூடுகிற இடங்கள் அல்ல. கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து 1955-ம் ஆண்டு திறந்தது. 1963-ல் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது துக்கத்துக்காக ஒரு நாள் மூடினார்கள். 2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரம் தகர்க்கப்பட்ட அன்று மூடினார்கள். இப்படி விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2020-ல் வந்த பூட்டு வேறு மாதிரி. ஜனவரி 25-ந் தேதி சீனாவில் ஷாங்காய் டிஸ்னிலாந்து மூடப்பட்டது. மறுநாள் ஹாங்காங். பிப்ரவரி 29-ந் தேதி டோக்கியோ. மார்ச் மாத நடுவில் கலிபோர்னியா, புளோரிடா, பாரிஸ் எல்லாம் மூடியாச்சு. உலகத்தில் டிஸ்னி பெயரில் 6 ஊர்களில் உள்ள அத்தனை பூங்காக்களிலும் ஆளரவம் இல்லை.

இதில் புளோரிடா மாநிலம் ஆர்லண்டோ பக்கத்தில் உள்ள ‘வால்ட் டிஸ்னி வேர்ல்டு’ சாதாரண இடம் இல்லை. சுமார் 25 ஆயிரம் ஏக்கர். பழைய சென்னை மாநகராட்சியின் எல்லையில் பாதிக்கும் மேல் வரும். கொரோனாவுக்கு முன்பு அங்கே வேலை பார்த்தவர்கள் மட்டும் 77 ஆயிரம் பேர். அந்த வட்டாரமே அதை நம்பித்தான் சோறு தின்றது.

பூட்டு விழுந்ததும் ஏப்ரல் மாதத்தில் சங்கத்தைச் சேர்ந்த ஊழியர்கள் மட்டும் 43 ஆயிரம் பேர் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வாடகை கட்ட வேண்டும்; பிள்ளைகள் இருக்கிறார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று ஏங்கிக் கிடந்தார்கள். கூப்பிட்டால் நோய் ஒட்டிக்கொள்ளுமே என்ற பயமும் கூடவே இருந்தது.

அந்தப் பயம் வீண் பயம் அல்ல. எல்லா ஊர் ஜனமும் கூடுகிற இடம் கேளிக்கைப் பூங்கா. 2014-ம் ஆண்டு டிசம்பரில் கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் தட்டம்மை தொற்றி, 100-க்கும் அதிகமானவர்கள் படுத்த கதை அதற்குள் மறந்துவிடவில்லை.

திறந்த மறுநாள் திடுக்!

நான்கு மாதம் கழித்து, ஜூலை 11-ந் தேதி டிஸ்னி வேர்ல்டின் முதல் 2 பூங்காக்கள் திறக்கப்பட்டன. நான்கு நாள் கழித்து மற்ற இரண்டும் திறந்தன. பக்கத்தில் உள்ள ‘யுனிவர்சல்’ பூங்கா அதற்கு முன்பே ஜூன் 5-ந் தேதி திறந்துவிட்டது.

திறந்த மறுநாள், அதாவது ஜூலை 12-ந் தேதி, புளோரிடா மாநிலத்தில் ஒரே நாளில் 15 ஆயிரத்து 299 பேருக்கு கொரோனா என்று அறிவிப்பு வந்தது. அதுவரை அமெரிக்காவில் எந்த மாநிலமும் ஒரே நாளில் காணாத எண்ணிக்கை!

பூங்கா திறந்ததால் வந்தது அல்ல அது. நோய் கண்டு, பரிசோதித்து, கணக்கில் ஏற நாள் பிடிக்கும். ஆனால் அப்படிப்பட்ட நேரத்தில்தான் கேட் திறந்தது. அந்த நேரத்தில்தான் ஊழியர்கள் கேட்டில் போய் நின்றார்கள்.

என்னென்ன கெடுபிடி?

உள்ளே நுழையக் கெடுபிடி பலமாகத்தான் இருந்தது.

வாசலில் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்கள். 100.4 டிகிரி, அதற்கு மேல் என்றால் உள்ளே விடமாட்டார்கள். கையில் டிக்கெட் மட்டும் இருந்தால் போதாது. எந்த நாளில் எந்தப் பூங்கா என்று முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். வழக்கமான கூட்டத்தில் கால் பங்குதான் முதலில் அனுமதித்தார்கள். 2020 நவம்பரில்தான் அதை 35 சதவீதமாகக் கூட்டினார்கள்.

2 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் மாஸ்க் கட்டாயம். அதிலும் கண்டிப்பு. மூக்கும் வாயும் மூட வேண்டும். குறைந்தது இரண்டு அடுக்குத் துணி வேண்டும். காதில் மாட்டவோ, பின்னால் கட்டவோ செய்ய வேண்டும். கழுத்தில் கிடப்பதை இழுத்து மூக்கில் விட்டுக்கொள்கிற துணிக்குழாய் கூடாது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வரக்கூடாது. வால்வு வைத்த மாஸ்க்கும் கூடாது. வால்வு வழியாக மூச்சு அப்படியே வெளியே வந்துவிடும் அல்லவா?

தரையில் 6 அடிக்கு ஒரு கோடு போட்டார்கள். குடும்பம் குடும்பமாக அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். கியூ வளைகிற இடங்களில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்பு. ராட்டினங்களில் வரிசை விட்டு வரிசை காலி. ஊர்வலமும் கிடையாது, வாணவேடிக்கையும் கிடையாது. கூட்டம் ஒரே இடத்தில் கூடிவிடக்கூடாது என்பதற்காக.

இதிலே ஒரு வேடிக்கை. கூட்டம் கால் பங்குதான். ஆனால் கியூ மட்டும் அனுமார் வால் மாதிரி நீண்டு வெளியே தெருவரை வந்துவிடும்! ஆளுக்கு ஆள் 6 அடி விட்டால் அப்படித்தானே? புதிதாக வருகிறவர் அதைப் பார்த்து மலைத்து நிற்பார். கிட்டப் போனால் கியூ மளமளவென்று நகரும்.

‘சாப்பிடுகிறேன்’ என்ற சாக்கு

சட்டம் போட்டால் சந்து கண்டுபிடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

‘சாப்பிடும்போது மாஸ்க்கைக் கழற்றலாம்’ என்று ஒரு விதிவிலக்கு இருந்தது. போதாதா? ஒரு கப் பாப்கார்னை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, மணிக்கணக்காக மாஸ்க் இல்லாமல் சுற்றினார்கள் பல பேர். கேட்டால், “சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்” என்று பதில்.

திறந்து ஒரு வாரத்துக்குள் சட்டத்தைத் திருத்தினார்கள். சாப்பிடுவதானால் நின்ற இடத்தில், மற்றவர்களிடம் இருந்து தள்ளி நின்று சாப்பிட வேண்டும். நடந்துகொண்டே தின்னக் கூடாது. மூச்சு விட நினைக்கிறவர்களுக்கு ஓய்வு இடங்கள் என்று தனியாக ஒதுக்கி, அங்கே மட்டும் மாஸ்க்கைக் கழற்றலாம் என்றார்கள்.

சந்து அடைபட்டது. ஆனால் ஊழியருக்கு வேலை இரட்டிப்பு. முன்பு ‘மாஸ்க் போடுங்க’ என்று மட்டும் சொல்ல வேண்டி இருந்தது. இப்போது ‘நின்னு சாப்பிடுங்க’ என்பதையும் சொல்ல வேண்டும். லீவுக்காக வருஷம் முழுக்கக் காசு சேர்த்து வந்தவரிடம் போய், தின்கிறதை நிறுத்து என்று சொல்வது லேசான காரியமா?

போட்டோவில் வரைந்த மாஸ்க்

ராட்டினம் வேகமாக இறங்குகிறபோது ஆட்டோமேட்டிக் கேமரா போட்டோ எடுக்கும். அலறுகிற முகத்தோடு வரும் அந்தப் போட்டோவை ஜனங்கள் காசு கொடுத்து வாங்குவார்கள். சில பேர் ஏறும்போது மாஸ்க் போட்டுவிட்டு, போட்டோ எடுக்கிற இடத்தில் நைசாகக் கழற்றினார்கள்.

பூங்கா சும்மா விடவில்லை. வண்டியில் ஒருவர் மாஸ்க் இல்லாமல் இருந்தாலும் அந்தப் போட்டோ கிடையாது என்று அறிவித்துவிட்டது. சத்தம் இல்லை, சண்டை இல்லை. கழற்றியவரை மற்றவர்களே முறைத்திருப்பார்கள்!

2020 டிசம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், மாஸ்க் இல்லாத முகத்தின் மேல் கம்ப்யூட்டரில் மாஸ்க்கை வரைந்து போட்டோ கொடுத்துப் பார்த்தார்கள். ஜனங்கள் கண்டுபிடித்துச் சிரித்ததும் அதை நிறுத்திவிட்டார்கள்.

பூங்காவை ஒட்டிய ‘டிஸ்னி ஸ்பிரிங்ஸ்’ கடைத்தெருவில் வேறொரு யுக்தி. ‘ஸ்டார் வார்ஸ்’ சினிமாவில் வருகிற வெள்ளைக் கவசச் சிப்பாய் வேடத்தில் இரண்டு பேரை மாடியில் நிறுத்தி, கீழே போகிறவர்களை அதட்டச் செய்தார்கள். வேடக்காரர் அதட்டினால் ஜனங்களுக்குக் கோபம் வரவில்லை. சிரித்துக்கொண்டே மாஸ்க்கைச் சரி செய்தார்கள். அதையே சாதா உடுப்பில் இருக்கிற ஊழியர் சொன்னால் முறைத்தார்கள்.

15 ஆயிரம் டாலர் வாய்ச்சவடால்

அதே கடைத்தெருவில் 2021 பிப்ரவரியில் ஒரு சம்பவம். வெளிமாநிலத்தில் இருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், வாசலில் காய்ச்சல் பார்க்கும் கூடாரத்தைத் தாண்டி உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து காய்ச்சல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். வெளியே போகச் சொன்னார்கள். போகவும் மாட்டேன் என்றார்.

போலீஸ் வந்தது. அவரோ, தான் 15 ஆயிரம் டாலர் செலவு செய்து வந்திருப்பதாகவும், தன்னை வெளியே அனுப்ப முடியாது என்றும் வாதாடினார். அன்றைய கணக்கில் சுமார் 11 லட்சம் ரூபாய்! அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்து கையில் விலங்கு மாட்டினார்கள். போலீஸ்காரரின் சட்டையில் இருந்த கேமராவில் பதிவான அந்தக் காட்சி பின்னால் வெளியே வந்து பரபரப்பானது.

அந்த 15 ஆயிரம் டாலருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டிஸ்னி வேர்ல்டு ஊழியர்கள் போராடிப் பெற்ற ஒப்பந்தப்படி, குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர் ஆனது 2021 அக்டோபரில்தான். அதாவது அந்த ஆசாமி சொன்ன தொகை, அடிமட்ட ஊழியர் ஒருவருக்கு 1,000 மணி நேரக் கூலி. வாரம் 40 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 6 மாத உழைப்பு.

அரை வருஷக் கூலியை ஒரு லீவில் செலவு செய்கிறவரைப் பார்த்து, அந்தக் கூலி வாங்குகிறவர் ‘நில்லுங்க’ என்று சொல்ல வேண்டும். இதுதான் கேட்டில் நின்றவர் நிலைமை.

மேலே ஒரு கட்டளை, கீழே ஒரு கட்டளை

சரி, சட்டமாவது பக்கபலமாக இருந்ததா? அங்கேயும் குழப்பம்தான்.

ஆர்லண்டோ அடங்கிய ஆரஞ்சு கவுன்டி நிர்வாகம், 2020 ஜூன் 20-ந் தேதி முதல் பொது இடங்களில் மாஸ்க் கட்டாயம் என்று உத்தரவு போட்டது. ஆனால் புளோரிடா மாநில அரசு அப்படி ஓர் உத்தரவைக் கடைசிவரை போடவில்லை. செப்டம்பர் 25-ந் தேதி கவர்னர் டிசான்டிஸ், மாஸ்க் போடாத தனி நபர்களிடம் உள்ளூர் நிர்வாகங்கள் அபராதம் வசூலிப்பதை நிறுத்தினார். 2021 மே மாதம் உள்ளூர் கட்டுப்பாடுகளையே முடக்கி வைத்தார்.

ஆக, ஒரு கட்டத்துக்கு மேல் அரசாங்கச் சட்டம் பின்னால் இல்லை. பூங்காவின் சொந்த விதி மட்டும்தான். “கவர்னரே வேண்டாங்கிறார், நீ யாரு கேக்க?” என்று எதிர்த்துக் கேட்க ஆள் இருந்தது. பதில் சொல்ல வேண்டியவர் கேட்டில் நின்ற ஊழியர். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி!

விதியும் அடிக்கடி மாறியது. 2021 ஜூன் 15-ந் தேதி முதல் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் மாஸ்க் வேண்டாம் என்றார்கள். சான்று எதுவும் கேட்கவில்லை. அவரவர் சொல்வதுதான். டெல்டா கொரோனா பரவியதும் ஜூலை 30-ந் தேதி முதல் கூரைக்குக் கீழே எல்லாரும் மறுபடி மாஸ்க் போட வேண்டும் என்றார்கள். நேற்று வந்தவருக்கு ஒரு சட்டம், இன்று வந்தவருக்கு ஒரு சட்டம். விளக்கம் சொல்லியே வாய் வலித்திருக்கும்.

வேடக்காரர்கள் கேட்ட ஒரே கேள்வி

பூங்காவில் ஆடிப் பாடுகிற நடிகர்களுக்கு இன்னொரு சங்கடம். வந்தவர்கள் மாஸ்க் போடலாம். மேடையில் பாடுகிறவர் எப்படிப் போடுவது?

சுமார் 750 நடிகர்களைக் கொண்ட ‘ஆக்டர்ஸ் ஈக்விட்டி’ சங்கம், அடிக்கடி கொரோனா பரிசோதனை செய்து வேலைக்கு எடுங்கள் என்று கேட்டது. நிர்வாகம் ஒப்பவில்லை. வேலைக்கு வரும்படி அவர்களுக்கு அனுப்பிய அழைப்பையும் திரும்பப் பெற்றது. வேலை போனாலும் பரவாயில்லை என்று சங்கம் உறுதியாக நின்றது. ஒரு மாதம் இழுபறி. 2020 ஆகஸ்டில், டிஸ்னி இடத்திலேயே பொதுப் பரிசோதனை மையம் அமைக்க இடம் கொடுத்த பிறகு உடன்பாடு வந்தது.

உடன்பாடு வந்தும் எல்லாருக்கும் வேலை திரும்பவில்லை. செப்டம்பர் 29-ந் தேதி டிஸ்னி கம்பெனி, அமெரிக்காவில் தன் பூங்காப் பிரிவில் 28 ஆயிரம் பேரை வேலையை விட்டு அனுப்பப் போவதாக அறிவித்தது. அதில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பகுதி நேர ஊழியர்கள். வெயிலில் நின்று மாஸ்க் போடச் சொன்னவர்களில் எத்தனையோ பேர் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜப்பானில் ‘கத்தாதே!’

ஜப்பானில் கதை வேறு. அங்கே மாஸ்க் பெரிய பிரச்சினை ஆகவில்லை. சளி பிடித்தால்கூட மாஸ்க் போட்டுக்கொண்டு ரெயில் ஏறுகிற ஜனங்கள். அவர்களுக்கு வந்த புதுச் சட்டம், ராட்டினத்தில் கத்தக் கூடாது!

வாய் விட்டுக் கத்தினால், மெதுவாகப் பேசுவதைவிட அதிக எச்சில் துளி காற்றில் தெறிக்கும். நோய் பரவுவதும் அந்த வழியில்தான். ஆகவே 2020 மே மாதம் பூங்கா சங்கங்கள் வகுத்த வழிமுறையில், ரோலர் கோஸ்டரில் அலறுவதைத் தவிர்க்கச் சொன்னார்கள்.

79 மீட்டர் உயரத்தில் இருந்து தலைகுப்புற இறங்கும்போது கத்தாமல் இருக்க முடியுமா? ‘புஜி-க்யூ ஹைலேண்ட்’ என்ற பூங்கா அதைச் செய்து காட்டியது. நிர்வாகத்தில் மேலே உள்ள இரண்டு பேர், கோட்டு சூட்டும் மாஸ்க்கும் போட்டு, ‘புஜியாமா’ ரோலர் கோஸ்டரில் ஏறினார்கள். மணிக்கு 130 கிலோ மீட்டர் வேகம். தலைமுடி பறக்கிறது. வாயில் இருந்து சத்தம் இல்லை. கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து இறங்கினார்கள். கடைசியில் ‘மனசுக்குள் கத்துங்கள்’ என்று வாசகம் வந்தது. உலகமே பார்த்துச் சிரித்த வீடியோ அது.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். முதலாளிகளே முதல் வண்டியில் ஏறி, “நாங்கள் செய்கிறோம், நீங்களும் செய்யுங்கள்” என்று காட்டினார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் தலையில் மட்டும் அதைக் கட்டவில்லை.

ஷாங்காயில் 34 ஆயிரம் பேர் உள்ளே!

சீனாவில் அரசாங்கமே நேரடியாக இறங்கியது. ஷாங்காய் டிஸ்னிலாந்து 2020 மே 11-ந் தேதியே மறுபடி திறந்துவிட்டது. செல்போனில் உடல்நலக் குறியீடு பச்சையாக இருந்தால்தான் உள்ளே அனுமதி. வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

2021 அக்டோபர் 31-ந் தேதி மாலை, பூங்காவுக்கு வந்துபோன ஒரே ஒருவருக்கு கொரோனா என்று தகவல் வந்தது. உடனே கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் சுமார் 34 ஆயிரம் பேர். வெள்ளை முழு உடுப்பில் சுகாதார ஊழியர்கள் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவராக மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்தார்கள். தலைக்கு மேலே வாணவேடிக்கை நடக்கிறது. கீழே ஜனங்கள் பரிசோதனைக்குக் கியூவில் நிற்கிறார்கள். இரவில் அவர்களை வீடு சேர்க்க 220 பஸ் விட்டார்கள். ஒருவருக்கும் நோய் இல்லை என்று முடிவு வந்தது. பூங்கா இரண்டு நாள் மூடிக் கிடந்தது.

ஒருவருக்காக 34 ஆயிரம் பேரை நிறுத்தி வைப்பதும் கொடுமைதான். ஒரு பையனைத் தனியாக நிறுத்தி, ஊர் முழுவதையும் சமாளி என்பதும் கொடுமைதான்.

நம் ஊர் கடைக்காரருக்கும் தெரிந்த பாடு

தமிழ்நாட்டிலும் 2020 மார்ச்சில் மூடிய கேளிக்கைப் பூங்காக்கள் நவம்பர் 10-ந் தேதி முதல்தான் திறக்க அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே, 2020 செப்டம்பரில், மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று சட்டம் வந்தது. விதியை மீறும் கடைகளுக்கு 5 ஆயிரம் ரூபாய்.

அப்போது கடை வாசலில் கிருமிநாசினி பாட்டிலோடு நின்ற பையன்களையும், பஸ்சில் “மாஸ்க்கை ஏத்துங்க” என்று தொண்டை கிழியக் கத்திய கண்டக்டர்களையும் மறந்திருக்க முடியாது. “ஒரு சோப்பு வாங்க வந்தேன், அதுக்கு மாஸ்க்கா?” என்று சண்டைக்கு வந்தவரும் உண்டு. விட்டால் அபராதம், விடாவிட்டால் வியாபாரம் போச்சு.

இரண்டு பேராக நில்!

இதற்கு வழியே இல்லையா? இருந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது.

செசமி பிளேஸ் சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு, 2020 ஆகஸ்டு 7-ந் தேதி, அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. சுகாதார விதியை எடுத்துச் சொல்லும் கடை ஊழியரைத் தாக்கினால், அது சாதாரண அடிதடி வழக்கு அல்ல. கடும் தண்டனைக்குரிய குற்றம்! ஆனால் பையன் அடிபட்டது பென்சில்வேனியாவில்.

அதே மாதம் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமும் கடைகளுக்கும் சேவை நிறுவனங்களுக்கும் யோசனை சொன்னது. மாஸ்க் போடச் சொல்லும் வேலைக்கு, ஆள் இருந்தால் இரண்டு இரண்டு பேராக நிறுத்துங்கள். கோபமாக வருகிறவரோடு வாதாடாதீர்கள். முன்கூட்டியே பயிற்சி கொடுங்கள். உதவிக்குக் கூப்பிட ஏற்பாடு இருக்கட்டும்.

இதில் எதுவும் பெரிய செலவு பிடிக்கிற விஷயம் இல்லை. பக்கத்தில் இன்னொருவர் நின்றாலே பாதி ஆட்களுக்குக் கை ஓங்காது.

கலிபோர்னியா டிஸ்னிலாந்து 412 நாள் மூடிக் கிடந்து, 2021 ஏப்ரல் 30-ந் தேதிதான் திறந்தது. அதற்கு முன்பு, ஜனவரியில், அதன் கார் நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டு ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். ஊசி வந்த பிறகுதான் கெடுபிடி மெல்லத் தளர்ந்தது.

2022 பிப்ரவரி 17-ந் தேதி ஊசி போட்டவர்களுக்கு டிஸ்னி வேர்ல்டில் உள்ளேயும் மாஸ்க் வேண்டாம் என்று ஆனது. ஏப்ரல் 18-ந் தேதி ஒரு கோர்ட்டுத் தீர்ப்பு, பஸ், ரெயில், விமானத்தில் மாஸ்க் கட்டாயம் என்ற மத்திய உத்தரவை ரத்து செய்தது. மறுநாள் பூங்கா பஸ்களிலும் மாஸ்க் அவரவர் இஷ்டம் என்றார்கள். ஜப்பானில் 2023 மார்ச் 13-ந் தேதி முதல் அப்படி ஆனது.

பிளாஸ்டிக் தடுப்புகளைக் கழற்றினார்கள். வாணவேடிக்கை திரும்பியது. கியூவில் மறுபடி ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ராட்டினத்தில் தாராளமாகக் கத்துகிறார்கள்.

இன்னொரு நோய் வந்தால் மறுபடி விதி வரும். மாஸ்க்கோ, ஊசிச் சீட்டோ, வேறு எதுவோ. அதை எழுதுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதைக் கேட்டில் நின்று சொல்லப் போவது யார்? அவர் பக்கத்தில் நிற்கப் போவது யார்?